வாட்ச் கட்டிய கை

தன்கீழ் வேலை பார்க்கும் தாடியின் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் போன வருடம் எழுதிய வரியையே இந்த வருடமும் ஒட்டிவிட்டு, மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள் திசைகாட்டி. "வேலையில் கெட்டிக்காரர். ஆனால் தேவையில்லாமல் சத்தமாகப் பேசுகிறார்" என்பது அந்த வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நாள் முழுக்க வாயைத் திறக்காத ஆள், எழுந்து நடக்க ஆரம்பித்தால் போதும், சுற்றுலா பஸ்ஸில் மைக் பிடித்தவர் மாதிரி ஆகிவிடுவான். "இப்ப வலது பக்கம் திரும்பறோம். லிஃப்ட் நேரா இருக்கு. ரெண்டாவது மாடி." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் ஆபீஸுக்குப் போனாலும் இதே கூத்துதான். இப்படி ஒரு மனிதனோடு நாலு வருடம் நடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வரி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். படிவங்கள் அன்று மாலைக்குள் போயாக வேண்டும், அதற்குள் காலை பதினோரு மணிக்குப் புது வெர்ஷனை வேறு வெளியிட வேண்டும்.

திசைகாட்டி என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர், தாடிக்கு அவன் தாடியே பெயர். மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் பதினான்கு பேர் நடத்தும் சின்ன நிறுவனம் அது. ஊரில் உள்ள ஒவ்வொரு தெருவையும் சந்துபொந்தையும் வரைபடத்தில் ஏற்றி, எந்த அழைப்புக்கு எந்த வண்டியை எந்த வழியாக அனுப்புவது என்று சொல்லும் சாஃப்ட்வேர் அவர்களுடையது. அந்த சாஃப்ட்வேருக்கு அவள்தான் தலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதல் வரியை எழுதியவளும் அவளே. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலாளி அவளை முன்னால் நிறுத்தி, "இவங்களைக் கண்ணைக் கட்டி விட்டாலும் ஊரைச் சுத்திட்டு வந்து நிப்பாங்க" என்று சொல்வார். அவள் அடக்கமாகச் சிரிப்பாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். திசைகாட்டிக்குத் திசை தெரியாது.

அவ்வப்போது கொஞ்சம் குழம்புவாள் என்கிற ரகம் இல்லை, சுத்தமாகத் தெரியாது. திரையில் வரைபடத்தை விரித்து வைத்தால் எந்தத் தெரு எதில் போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எழுந்து வாசலுக்கு வந்தால் கதை முடிந்தது. இடது எது, வலது எது என்பதற்கே வாட்சைப் பார்க்க வேண்டும். வாட்ச் கட்டிய கை இடது. குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறந்து கிளம்பிய நாளெல்லாம் அவளுக்குக் கெட்ட நாள். பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றில் இவளை வரிசைக்கு முன்னால் நிறுத்தப்போக, பின்னால் வந்த முப்பத்தெட்டு பிள்ளைகளையும் வேறொரு பள்ளிக்கூடத்து பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்த புண்ணியவதி அவள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில் அவள் எங்கிருந்தாவது போன் செய்வாள். "எங்க இருக்க?" என்பார் அவர். "எங்க இருக்கேன்னு தெரிஞ்சா நான் எதுக்கு உங்களுக்கு போன் பண்றேன்?" என்பாள் இவள். மனிதர் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார். "எதிர்ல என்ன கடை தெரியுது?" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆபீஸில் மட்டும் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். மேப் கம்பெனியில் சாஃப்ட்வேர் தலைவிக்கு வழி தெரியாது என்றால் ஊர் சிரிக்காதா? நீச்சல் தெரியாத நீச்சல் வாத்தியாரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ஒவ்வொரு கூட்டமும் முடிந்து வெளியே வரும்போது போன் வந்ததுபோல காதில் வைத்துக்கொள்வாள். பேசுகிறவர் பின்தங்குவது சகஜம்தானே. முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்து நடந்து லிஃப்டுக்கு வந்து சேர்ந்ததும் போனைக் கட் செய்வாள். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டிவிட்டாள்.

தனியாகப் போகிற இடங்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. தன் கணக்கில், தனக்கு மட்டும் என்று, வரைபடத்தின் மீது குறிப்புகள் எழுதி வைத்திருந்தாள். ஒருமுறை தொலைந்த இடத்தில் மறுமுறை தொலையக் கூடாது என்பதற்காக. ஒன்பது வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று குறிப்புகள். போனில் மட்டும் அவற்றைக் காட்டும்படி ஒரு குட்டி நிரலும் தனக்கென எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் அதில் என்னதான் எழுதவில்லை! தன்னையே திட்டியிருந்தாள், மற்றவர்களையும் சேர்த்துத்தான்.

*

அன்று வெளியான புது வெர்ஷனில் ஒரே ஒரு புதிய வசதி. வாடிக்கையாளர்கள் வரைபடத்தில் எழுதிவைக்கும் குறிப்புகளை, வண்டி அந்த இடத்தை நெருங்கும்போது வழி சொல்லும் அதே பெண்குரல் படித்துக் காட்டும். நாற்பது ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒரு நிறுவனம்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அவர்கள் கேட்டு வாங்கிய வசதி இது. "படி இல்லாத வாசல் பின்பக்கம்", "இரவுக் காவலாளி மணி அடித்தால்தான் வருவார்" என்பது மாதிரி பயனுள்ள சமாசாரங்கள். அந்த வசதிக்கு நிரல் எழுதியது தாடி. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு நிறுவனத்துக்குப் போவதா என்று ஆம்புலன்ஸ்காரர்கள் அன்று பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்தில் சொல்வதாக இருந்தார்கள். அதற்கு முன்னால் வசதி ஓடிக்காட்ட வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார்.

பதினொன்று இருபதுக்கு முதலாளியின் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் தலைவி. அந்த அம்மாள் பட்டாளத்தில் இருந்ததே இல்லை, ஆனால் குரலைக் கேட்ட எல்லோரும் அவரை மேஜர் என்றுதான் சொல்வார்கள். பாராட்டாக இருக்கும், எல்லோரும் கேட்கட்டும் என்று முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். அது அவர் செய்த முதல் தப்பு.

"உங்க மேப்புக்கு என்ன ஆச்சு?" என்றார் மேஜர்.

"ஏன் மேடம்?"

"ஏழாம் நம்பர் வண்டியில, இடது பக்கம் திரும்பவும்னு சொல்லிட்டு, இடதுன்னா வாட்ச் கட்டின கைன்னு சொல்லுதாம். அந்த டிரைவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கோபமா இருக்கார்."

திசைகாட்டி தன் வாட்சைப் பார்த்தாள்.

"பன்னண்டாம் நம்பர் வண்டியில, 'டயர் கடை வந்துட்டா நீ தாண்டி வந்துட்டேன்னு அர்த்தம், அடி மடச்சி, போன வாரமும் இங்கதான் கோட்டை விட்டே'ன்னு திட்டுது. முப்பதாம் நம்பர் வண்டியில..." மேஜர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "'மாமியார் வீடு, மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டு உள்ள போ'. இது யார் மாமியார்?"

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூலையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

திசைகாட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் விரல்கள் மட்டும் ஓடின. முதல் வேலையாகப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிட்டாள். அது நாற்பது வண்டிக்கும் உடனே போய்ச் சேராது, ஒவ்வொரு வண்டியும் தன் நிலையத்துக்குத் திரும்பி நிற்கும்போதுதான் சேரும். ஆக இன்னும் அரை மணி நேரமாவது அவளுடைய அந்தரங்கம் சைரன் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றப்போகிறது. ஒவ்வொரு குறிப்பாக நினைவுக்கு வந்தது. முதலாளி வீட்டு வாசலைப் பற்றி எழுதியது நினைவுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

எப்படி நடந்தது என்பது அவளுக்கு இரண்டே நிமிடத்தில் புரிந்துவிட்டது. நிறுவனம் தொடங்கிய முதல் வாரத்தில் முதல் கணக்கைத் திறந்தவள் அவள். கணக்கு எண் ஒன்று. அப்போது வரைபடத்தில் எழுதுகிற ஒரே ஆள் அவள்தான் என்பதால், 'எண் ஒன்று எழுதுவதெல்லாம் எல்லோருக்கும் பொது' என்று அவளே நிரலில் ஒரு வரி எழுதிவைத்தாள். எழுதினாள், மறந்தாள். பிறகு அதே கணக்கில் சொந்தக் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். குறிப்புகளைப் பிறருக்குக் காட்டும் வசதியே இல்லாததால் ஒன்பது வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இன்றைக்குத் தாடி எழுதிய வசதி, பொதுவான குறிப்புகள் எங்கே என்று ஒழுங்காகத் தேடியது. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கிடைத்தன, படித்தது. தாடியின் நிரலில் ஒரு பிழையும் இல்லை.

அவன் மேஜைக்குப் போனாள். யார் எழுதிய குறிப்புகள் என்று காட்டும் பட்டியல் அவன் திரையில் திறந்திருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் சட்டென்று மூடினான்.

"என்ன தெரிஞ்சது?" என்றாள்.

"டெஸ்ட் பண்றதுக்காக நான் போட்ட டேட்டா மாதிரிதான் இருக்கு அக்கா," என்றான். அவளைப் பார்க்காமல் தாடியைச் சொறிந்துகொண்டான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவன் எதற்கு இல்லாததை இழுத்துப் போட்டுக்கொள்கிறான்? அதற்குள் முதலாளி வந்துவிட்டார். முதலாளி நல்ல மனுஷர்தான். பயம் வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் தலையில் எதையாவது கட்டிவிட்டு நிம்மதி அடைவார். "டெஸ்ட் டேட்டாவை எடுக்காம ரிலீஸ் பண்ணிட்டியா? நாலு வருஷ அனுபவம் உனக்கு! இன்னைக்குப் பார்த்தா? சரி, மூணு மணிக்கு நீயும் வா. மேஜர்கிட்ட நீயே மன்னிப்புக் கேளு" என்று பொரிந்து தள்ளினார்.

தாடி தலையாட்டினான். அந்த நிமிடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. உள்ளுக்குள் 'அப்பாடா' என்று ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சிலேயே வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பேசவில்லை.

மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய் வீட்டுக்காரருக்கு போன் செய்தாள்.

"எதிர்ல என்ன கடை தெரியுது?" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"நான் தொலையலங்க. மாட்டிக்கிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் குறிப்பையும் விடவில்லை.

"அம்மாவைப் பத்தி எழுதினதை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் அவர். "வழி தெரியாதது ஒரு குத்தமா? நீ என்ன திருடியா மாட்டிக்கிட்ட?"

"மேப் கம்பெனியில அது குத்தம்தாங்க."

"அப்ப அந்தப் பையன் வாங்கிக்கட்டிக்கட்டும்ங்கறியா?"

"அப்படிச் சொல்லலையே."

"சொல்லல. அதான் கேக்கறேன்," என்றார். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டார். இந்த மனுஷரிடம் இதுதான் தொல்லை. விடையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்.

*

ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை ஐந்தாவது மாடியில் இருந்தது. கட்டடத்தைக் கட்டியவனுக்கு அவள்மீது என்ன கோபமோ, நடுவில் நின்றால் நாலு பக்கமும் ஒரே மாதிரி நடை, ஒரே மாதிரி சாம்பல் நிறக் கதவுகள். லிஃப்டிலிருந்து இறங்கியதும் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "இப்ப நேரா போறோம்," என்றான் தாடி, வழக்கம்போல யாருக்கும் இல்லாமல். "மூணாவது கதவு தாண்டி இடது பக்கம்." மன்னிப்புக் கேட்கப் போகிற நேரத்திலும் இவனுக்கு இந்தப் பேச்சு தேவையா என்று இருந்தது அவளுக்கு.

மேஜர் குட்டையான, ஒல்லியான அம்மாள். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். மேஜைமீது ஒரு காகிதக் கட்டு. டிரைவர்கள் சொன்னதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"பதினொண்ணு முப்பத்தஞ்சு. 'இங்க மூணு தடவை தொலைஞ்சிருக்கேன், பதறாதே, இந்தத் தெரு முடியற மாதிரி தெரியும், ஆனா முடியாது.' பதினொண்ணு நாப்பது. 'வயித்தைக் கலக்கி, தப்பான வழியில வந்துட்டோம்னு தோணும் பாரு, அப்ப சரியான வழியில இருக்கேன்னு அர்த்தம்.' பதினொண்ணு நாப்பத்தி நாலு. 'பச்சை கேட். நிமிர்ந்து பார்க்காதே. பார்த்தா உள்ள கூப்பிட்டு உக்காரவெச்சு அடுத்த வருஷத் திட்டம் சொல்ல ஆரம்பிச்சுடுவார்.'" கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இது யார் வீடு?"

முதலாளி வீட்டு கேட் பச்சை. அவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"இதையெல்லாம் யார் எழுதினது?" என்றார் மேஜர். "எனக்கு அது மட்டும் தெரியணும். மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

முதலாளி இதற்காகவே காத்திருந்தவர்போலத் தாடியைக் கை காட்டினார். "டெஸ்டுக்காக இவர் போட்ட டேட்டா மேடம். எடுக்க மறந்துட்டார். தப்புதான். நாங்க கண்டிப்பா நடவடிக்கை எடுப்போம்."

"நீங்களா?" என்றார் மேஜர்.

"ஆமா மேடம்," என்றான் தாடி.

அவன் குரலில் நடுக்கம்கூட இல்லை. அதுதான் திசைகாட்டியை உலுக்கியது. நாலு வருடமாகத் தன்கீழ் வேலை பார்க்கிறவன், ஒரு குற்றமும் செய்யாதவன், இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பழியை வாங்கிக்கொள்கிறான். இவள் இதை விழுங்கிக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் இவன் மூஞ்சியில் விழிப்பாள்? ஒப்பந்தம் போனால் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்று தோன்றியது. மானம் காலையிலேயே கப்பலேறிவிட்டது, இனி அதைக் கரையில் நின்று காவல் காத்து என்ன ஆகப்போகிறது?

"அது நான் எழுதினது மேடம்," என்றாள்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். தாடி மேஜையைப் பார்த்தான்.

"டெஸ்ட் இல்ல. எனக்காக எழுதி வெச்சுக்கிட்டது. எனக்கு வழி தெரியாது. சுத்தமா தெரியாது. இடது வலதுகூட வாட்சைப் பார்த்தாத்தான் தெரியும். ஒன்பது வருஷமா எங்கெல்லாம் தொலைஞ்சேனோ அங்கெல்லாம் குறிப்பு எழுதினேன். என் கணக்குல இருந்தது எல்லாருக்கும் போற மாதிரி ஒரு வரி நானே எழுதி நானே மறந்துட்டேன். இவர் நிரல்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது. ஏன் ஒத்துக்கிட்டார்னு எனக்குத் தெரியல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது காது இரண்டும் சூடாக இருந்தன. மேஜர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"இந்த ரூமுக்கு எப்படி வந்தீங்க?"

"இவங்க பின்னாடி வந்தேன்."

"இவர் சொன்னப்பவே நான் நம்பல," என்றார் மேஜர். "எந்த ஆம்பளையும் தன்னை 'அடி மடச்சி'ன்னு திட்டிக்கமாட்டான்." காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். "ஏரிக்கரையில எட்டு கட்டடம் இருக்கே, எல்லாம் ஒரே அச்சு, அங்க நீங்க எழுதினது ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவளுடைய பல் டாக்டர் அங்கேதான். முதல் தடவை போனபோது நாற்பது நிமிடம் சுற்றி, பல்வலியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "நம்பரைத் தேடாதே, மரம் மறைச்சிருக்கும்," என்று மெதுவாக ஒப்பித்தாள். "நீலத் தண்ணித் தொட்டி தெரியற வரைக்கும் போ. அதுக்கு நேர் எதிர் படிக்கட்டுதான் நாலாவது கட்டடம்."

"பதினொண்ணு நாப்பத்தெட்டுக்கு அந்த நாலாவது கட்டடத்துலேருந்து ஒரு போன் கால். நெஞ்சு வலி. அந்த வளாகத்துக்குள்ள போய்ச் சரியான படியைக் கண்டுபிடிக்க என் ஆளுங்களுக்கு ஆறு நிமிஷம் ஆகும், ஏழு நிமிஷமும் ஆயிருக்கு. இன்னைக்கு ஒண்ணரை நிமிஷம். அந்தப் பெரியவர் இப்ப ஆஸ்பத்திரியில உக்காந்து டீ கேட்டு சண்டை போட்டுக்கிட்டிருக்கார்."

முதலாளி அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"வழி தெரிஞ்சவன் எழுதற குறிப்பு வழி தெரிஞ்சவனுக்குத்தான் புரியுது. எனக்கு மாசா மாசம் புது டிரைவர் சேர்றான். அவன் உங்களை மாதிரிதான் முழிக்கிறான்." மேஜர் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "பன்னண்டு மணிக்கு அதை எடுத்துட்டீங்க. அப்புறம் ரெண்டு டிரைவர் போன் பண்ணி, அந்தம்மா ஏன் பேச மாட்டேங்குதுன்னு கேட்டாங்க. மடச்சியை எடுங்க. பச்சை கேட்டை எடுங்க. மாமியாரைக் கண்டிப்பா எடுங்க, ஒரு நாள் அந்த வாசல்லயே நாங்க வண்டியை நிறுத்த வேண்டி வரலாம். மிச்சத்தைத் திரும்பப் போடுங்க. இன்னும் குறிப்பு இல்லாத ஏரியா எவ்வளவு இருக்கு?"

"பாதி ஊர் இருக்கு மேடம்."

"அப்ப வாரத்துல ஒரு நாள் போய்த் தொலைஞ்சிட்டு வாங்க," என்றார் மேஜர். ஒப்பந்தத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முதலாளி பக்கம் தள்ளிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தார்.

*

வெளியே வந்ததும் பழக்கத்தில் அவள் கை போனைத் தேடிப் பைக்குள் போனது. எடுத்தாள், பார்த்தாள், திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள். நாலு பக்கமும் அதே நடை, அதே சாம்பல் கதவுகள்.

"லிஃப்ட் எந்தப் பக்கம்?" என்றாள். இந்தக் கேள்வியை அவள் ஆபீஸ் ஆட்களிடம் கேட்பது ஒன்பது வருடத்தில் இதுவே முதல் தடவை.

"வலது அக்கா," என்றான் தாடி. கொஞ்சம் தயங்கி, "வாட்ச் கட்டாத கை" என்றான்.

முதலாளி காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை நின்று, "நான் அவ்வளவா பேசறேன்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி நடந்தார்.

"காலையில அந்தப் பட்டியலை ஏன் மூடினே?" என்றாள் அவள். "கணக்கு நம்பர் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்பவே தெரிஞ்சுதா நான்னு?"

தாடி தன் தாடியைச் சொறிய ஆரம்பித்தான். "வழி விஷயம் அப்பத்தான் தெரிஞ்சதுன்னு இல்ல அக்கா. நான் சேர்ந்த முதல் மாசம் ஒரு ஆபீஸுக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிஞ்சு நீங்க போன்ல பேசிக்கிட்டே துடைப்பம் வைக்கற ரூமுக்குள்ள போயிட்டீங்க. உள்ள நின்னு அஞ்சு நிமிஷம் பேசினீங்க."

"முக்கியமான கால் ஏதாவது வந்திருக்கும்."

"உங்க போன் ஆஃப்ல இருந்தது. ஆளைக் காணோம்னு நான்தான் உங்களுக்கு அடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் நின்றுவிட்டாள். அவனும் நின்றான்.

"அதுக்கப்புறம்தான் சத்தமா சொல்ல ஆரம்பிச்சேன்," என்றான்.

நாலு வருடம். இப்ப வலது பக்கம் திரும்பறோம். லிஃப்ட் நேரா இருக்கு. ரெண்டாவது மாடி. எத்தனை கட்டடம், எத்தனை நடை, எத்தனை வாகன நிறுத்தம். அவனோடு போன இடத்தில் அவள் ஒருநாளும் தொலைந்ததில்லை. அதைத் தன் போன் வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, கூடவே துடைப்ப அறையை நினைத்துச் சிரிப்பும் வந்தது. இரண்டில் எது முதலில் வெளியே வந்தது என்று சொல்வது கஷ்டம்.

"போன வருஷம் உன் படிவத்துல நான் எழுதினதைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா, நிறுத்தச் சொல்லிடுவீங்க," என்றான் தாடி. பிறகு நிமிர்ந்து, "லிஃப்ட் வந்துருச்சு. தரைத்தளம் போறோம்" என்றான்.

ஆபீஸுக்கு வந்தபோது மணி ஐந்து. அவள் நேராகப் போய்ப் படிவத்தைத் திறந்தாள். காலையில் ஒட்டிய வரி அப்படியே இருந்தது. அதில் 'ஆனால்' என்ற சொல்லை அழித்தாள், 'தேவையில்லாமல்' என்பதையும் அழித்தாள். மிச்சம் இருந்ததைப் படித்துப் பார்த்தாள். வேலையில் கெட்டிக்காரர். சத்தமாகப் பேசுகிறார். கீழே, அடுத்த ஆண்டு முன்னேற்றிக்கொள்ள வேண்டியவை என்ற கட்டம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசலாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.